விண்ணப்பம் அனுப்பியாச்சு, இனி என்ன? மதுரைப் பக்கத்திலிருந்து திரைப்படக் கல்லூரிக்குக் காத்திருப்பவர்களுக்கு

திரைப்படக் கல்லூரிக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டு, அழைப்பு வருமா வராதா என்று செல்போனையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா? இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். விண்ணப்பம் நிரப்புவது எப்படி என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அனுப்பியதற்கும் பதில் வருவதற்கும் நடுவில் கிடக்கிற வாரங்களில் என்ன செய்வது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. திருமங்கலத்தில் எங்கள் தெருவிலிருந்து சினிமா படிக்கப் போனவர் எவரும் கிடையாது. அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியும், கூடக் காத்திருந்தவர்களோடு பேசியும்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன்.

நேர்காணலில் உங்களிடம் கேட்கப்போகும் முதல் கேள்விகளில் ஒன்று, "பிடித்த படம் எது?" அதனால் காத்திருக்கும் நாட்களில் நாலு பேர் உட்கார்ந்து எந்தப் படம் பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று பேசுவதை வெட்டிப் பேச்சு என்று வீட்டில் யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அதைவிட நல்ல தயாரிப்பு எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் காகிதங்களைச் சரிசெய்யாமல் படம் பேசிக்கொண்டிருந்தால், நேர்காணலில் தேறியும் சேர முடியாமல் நிற்க வேண்டியிருக்கும். முதலில் காகிதம், அப்புறம் படம்.

1. எங்கே விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்று பாருங்கள்

ப்ளஸ் டூ முடித்தவர்கள் பெரும்பாலும் காத்திருப்பது சென்னை தரமணிக்கு. எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் என்பது முழுப் பெயர்; பழைய ஆட்கள் இன்னமும் அடையாறு ஃபிலிம் இன்ஸ்டிடியூட் என்பார்கள். இயக்கமும் திரைக்கதையும், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு என்று நான்காண்டுப் பட்டப்படிப்புகள் அங்கே இருக்கின்றன. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு போன்ற பிரிவுகளுக்கு ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல் படித்திருக்க வேண்டும். வயது வரம்பும் உண்டு.

பட்டம் முடித்தவர்களுக்குப் புனேயில் எஃப்டிஐஐ என்கிற இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கல்வி நிறுவனம், கொல்கத்தாவில் சத்யஜித் ரே திரைப்பட நிறுவனம். இரண்டும் மத்திய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கீழ் வருபவை. முதலில் எழுத்துத் தேர்வு, அதில் தேறியவர்களுக்கு நேர்காணல். கேள்வித்தாள் தமிழில் இருக்காது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, சென்னையில் இருக்கும் தனியார் அகாடமிகள். கட்டணம் லட்சக்கணக்கில் போகும். அவற்றைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இதை ஏன் முதலில் பார்க்கச் சொல்கிறேன் என்றால், மாநில அரசு கேட்கும் காகிதம் வேறு, மத்திய அரசு கேட்கும் காகிதம் வேறு. இரண்டுக்கும் விண்ணப்பித்தவர்கள் ஒரே கோப்பைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

2. காத்திருக்கும்போதே காகிதங்களை முடித்துவிடுங்கள்

சாதிச் சான்று. மாநில நிறுவனத்துக்கு, நீங்கள் பள்ளியில் கொடுத்த அதே பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர், பட்டியல் வகுப்புச் சான்று போதும். பழைய கையெழுத்துச் சான்று என்றால், கியூஆர் கோடு உள்ள டிஜிட்டல் சான்றாக மாற்றி வைத்துக்கொள்வது நல்லது.

ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்று. அதிகம் பேர் விழும் குழி இதுதான். புனே, கொல்கத்தா விண்ணப்பத்தில் ஓபிசி என்று டிக் அடித்துவிட்டு மாநில அரசின் பிசி, எம்பிசி சான்றை நீட்டினால் செல்லாது. மத்திய அரசுக்கென்று தனிப் படிவத்தில், வளமான பிரிவினர் அல்லர் என்று குறிப்பிட்டு வட்டாட்சியர் தரும் ஓபிசி சான்று வேண்டும். சாதிச் சான்று மாதிரி ஒரு தடவை வாங்கி ஆயுசுக்கும் வைத்துக்கொள்வது அல்ல இது. வருமானத்தைப் பார்த்துத் தருவதால் அந்தந்த ஆண்டுக்குப் புதிதாகக் கேட்பார்கள். வாங்குவதற்கு முன் உங்கள் சாதியின் பெயர் மத்தியப் பட்டியலில் எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள். மாநிலப் பட்டியலில் இருப்பதெல்லாம் மத்தியப் பட்டியலில் அப்படியே இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. மூன்றையும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஒரு சான்றுக்கு அரசுக் கட்டணம் 60 ரூபாய். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள். பாதி இடத்தில் தொகை தானாக இறங்கிவிடும். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று போகும். விண்ணப்ப எண்ணை வைத்து யாரிடம் நிற்கிறது என்று இணையத்தில் பார்க்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடமே கிடந்தால் நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். நேரில் முகத்தைக் காட்டினால்தான் பல கோப்புகள் நகர்கின்றன.

எப்போது போடுவது என்பதும் முக்கியம். ப்ளஸ் டூ முடிவு மே முதல் இரண்டு வாரங்களில் வந்துவிடுகிறது. வந்த மறுநாளிலிருந்து மாவட்டத்தில் இருக்கிற அத்தனை பிள்ளைகளும் இதே சான்றுகளுக்கு வரிசையில் நிற்பார்கள். அதற்கு முன்னால் போடலாம் என்றால் சித்திரைத் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களை ஒட்டி வருவாய்த் துறை ஆட்கள் பாதிப் பேர் திருவிழா வேலையில் இருப்பார்கள். ஆகவே மார்ச்சில், தேர்வு முடிந்த கையோடு போட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். அந்த நேரத்தைத் தவறவிட்டவர்கள் இன்றைக்கே போடுங்கள், அழைப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

உங்கள் ஊர் எந்த வட்டத்தில் வருகிறது என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். மதுரையைச் சுற்றி வட்டங்களைப் பிரித்திருக்கிறார்கள். திருப்பரங்குன்றம், கள்ளிக்குடி எல்லாம் இப்போது தனி வட்டங்கள். பழைய ரேஷன் கார்டை வைத்துக்கொண்டு தப்பான தாலுகா அலுவலகத்தில் அரை நாள் உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறவர்களைத் தினமும் பார்க்கலாம்.

பெயர். நமக்கு முதலெழுத்து, அவர்களுக்குக் குடும்பப் பெயர். மத்திய அரசு நிறுவனங்களின் படிவங்களில் பெயரை இரண்டாகப் பிரித்துக் கேட்பார்கள். மதிப்பெண் பட்டியலில் 'மு. கார்த்திக்', ஆதாரில் 'கார்த்திக் முருகேசன்', படிவத்தில் 'கார்த்திக் எம்' என்று மூன்று ஆட்களாக நிற்காதீர்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் எப்படி இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் வையுங்கள். ஆதார் வேறு மாதிரி இருந்தால் இப்போதே திருத்தப் போடுங்கள். ஆதாரில் இருக்கும் செல்போன் எண் உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்பாவின் பழைய எண்ணாக இருந்தால் ஒவ்வொரு ஓடிபிக்கும் தவிப்புதான்.

பள்ளியிலிருந்து. மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்று. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை படித்தவர்கள், அதற்கான போனஃபைடு சான்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். உயர்கல்வியில் சேரும் பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய்க்கு அதுதான் அடிப்படை. இரண்டு மூன்று பள்ளிகளில் படித்திருந்தால் ஒவ்வொரு பள்ளிக்கும் போக வேண்டும். கோடை விடுமுறையில் பள்ளி அலுவலகம் திறந்திருக்கும், தலைமையாசிரியர் இருக்கமாட்டார். போன் செய்துவிட்டுப் போங்கள்.

எல்லாவற்றிலும் மூன்று நகல் எடுத்து ஒரு கோப்பில், அசல்களைத் தனிக் கோப்பில் வையுங்கள். ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் உங்களுக்கே ஒன்று அனுப்பிக்கொள்ளுங்கள். காகித வேலை இத்தோடு முடிந்தது.

3. கூடப் பேச ஆள் சேருங்கள்

தனியாகப் படம் பார்த்தால் "நல்லா இருந்துச்சு" என்பதோடு நின்றுவிடும். நாலைந்து பேர் வேண்டும். அதற்கு மேல் போனால் அரட்டையாகிவிடுகிறது. எங்கே கண்டுபிடிப்பது? உங்கள் பள்ளியில் கிடைப்பது கஷ்டம். மதுரைக் கல்லூரிகளில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கிறவர்களிடம் கேளுங்கள். அவர்களில் யாராவது ஒருவர் புனேக்குப் போட்டுவிட்டுக் காத்திருப்பார், இன்னொருவருக்குத் தரமணியில் ஒரு சீனியரைத் தெரிந்திருக்கும். எங்கள் கூட்டத்தில் மேலூரிலிருந்து ஒருவன், உசிலம்பட்டியிலிருந்து ஓர் அக்கா, செல்லூரிலிருந்து இரண்டு பேர் இருந்தார்கள். ஆளுக்கொரு பிரிவுக்கு விண்ணப்பித்திருந்தது பெரிய வசதி. ஒளிப்பதிவுக்குப் போட்டவன் பார்ப்பதை இயக்கத்துக்குப் போட்டவர் பார்ப்பதில்லை.

சந்திக்க இடம்: பகலில் புது நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகம். ஏசி இருக்கும், சினிமா பற்றிய புத்தகங்களும் தேடலாம், ஆனால் உள்ளே சத்தமாகப் பேச முடியாது. அதனால் படிப்பு அங்கே, பேச்சு வெளியே. மாலையில் வண்டியூர்த் தெப்பக்குளத்துப் படிக்கட்டு. வாரத்துக்கு இரண்டு நாள் போதும். பேருந்துச் செலவு, டீச் செலவு தவிர வேறு செலவில்லை.

வாட்ஸ்அப்பில் நூற்றுக்கணக்கானோர் இருக்கும் குழுக்களில் சேர்ந்தால் எச்சரிக்கையாக இருங்கள். "லிஸ்ட் வந்துருச்சாம்", "இந்த வருஷம் சீட்டைக் குறைச்சுட்டாங்களாம்" என்று ராத்திரி பதினோரு மணிக்கு வரும் செய்திகளில் தூக்கம் போவதுதான் மிச்சம். நிறுவனத்தின் இணையதளத்தில் வராதது எதுவும் செய்தி இல்லை.

4. பிடித்த படங்களின் பட்டியலை எழுதுங்கள், பொய் சொல்லாமல்

ஒவ்வொருவரும் பத்துப் படம் எழுத வேண்டும். முதல் சந்திப்பில் என்ன நடக்கும் என்று இப்போதே சொல்கிறேன். எல்லார் பட்டியலிலும் பை சைக்கிள் தீவ்ஸ், சில்ரன் ஆஃப் ஹெவன், பாதேர் பாஞ்சாலி இருக்கும். மூன்றும் அருமையான படங்கள். ஆனால் எங்கோ யாரோ சொன்ன பட்டியலிலிருந்து எடுத்து வைத்தவை என்பது எதிரில் இருப்பவருக்கு அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். டி சிகா 1948-இல் எடுத்த பை சைக்கிள் தீவ்ஸைச் சொன்னால், அவருடைய வேறு என்ன படம் பார்த்திருக்கிறாய் என்று அடுத்த கேள்வி வரும். 1955-இல் வந்த பாதேர் பாஞ்சாலியைச் சொன்னால் அந்த வரிசையில் அடுத்த இரண்டு படங்களைப் பற்றிக் கேட்பார்கள். பதில் இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். இல்லையென்றால் பார்த்துவிட்டு எழுதுங்கள், அல்லது பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

செல்லூர்க்காரன் ஒருவன் தன் பட்டியலைக் காட்டவே கூச்சப்பட்டான். முதல் இடத்தில் கரகாட்டக்காரன். 1989-இல் வந்த படம், இவன் பிறப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்னால். "எங்க அப்பா போட்டுப் போட்டுப் பாத்ததுண்ணே, அதான்" என்றான். சரி, வாழைப்பழக் காட்சியில் ஏன் ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வருகிறது என்று கேட்டோம். யார் முகத்தை எப்போது காட்டுகிறார்கள், செந்தில் பதில் சொல்லும் முன் எவ்வளவு நேரம் விடுகிறார்கள், கவுண்டமணியின் கோபம் எந்த இடத்தில் ஏறுகிறது என்று அவன் சொல்லச் சொல்ல மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டோம். அவன் விண்ணப்பித்திருந்தது படத்தொகுப்புக்கு. அதைவிட நல்ல பதிலை நான் இதுவரை கேட்டதில்லை.

பட்டியல் எழுத நான் சொல்லும் முறை: சின்ன வயதில் பார்த்து இன்றும் மறக்காத இரண்டு படம். நம்ம ஊர்ப் பக்கத்துப் படம் இரண்டு. தமிழல்லாத இந்தியப் படம் இரண்டு. வெளிநாட்டுப் படம் இரண்டு. போன ஒரு வருஷத்தில் வந்தது ஒன்று. கடைசியாக, எல்லாரும் கொண்டாடியும் உங்களுக்குப் பிடிக்காத படம் ஒன்று. இந்தக் கடைசி ஒன்றில்தான் ஆள் எப்படி யோசிக்கிறார் என்பது தெரியும். "போர் அடிச்சுது" என்றால் போதாது. எந்த இடத்தில், ஏன் என்று சொல்ல வேண்டும்.

5. நம்ம ஊர்ப் படத்தைச் சொல்வதில் இருக்கும் வசதியும் ஆபத்தும்

மதுரைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. நம் தெருக்களை, நம் வெயிலை, நம் பேச்சை வைத்து நல்ல படங்கள் நிறைய வந்திருக்கின்றன. ஆபத்தும் அங்கேதான். "எங்க ஊரு சார்" என்பதே காரணம் ஆகிவிடும்.

உசிலம்பட்டி அக்காதான் எங்களுக்குப் பரீட்சை வைப்பவராக உட்கார்வார். மேலூர்க்காரனிடம் கேட்டார்.

"சொல்லுங்க தம்பி, என்ன படம் பிடிக்கும்?"

"கூழாங்கல் மேடம்."

"ஏன்?"

"எங்க மேலூர்ப் பக்கம் எடுத்தது மேடம். ராட்டர்டாம் திரைப்பட விழால டைகர் விருது வாங்குச்சு."

"அதை நானும் பேப்பர்ல படிச்சேன். படத்துல என்ன பாத்தீங்க?"

அங்கே நின்றுவிட்டான். அன்றைக்கு இரவே மறுபடி பார்த்துவிட்டு வந்தான். பி.எஸ். வினோத்ராஜ் இயக்கிய அந்தப் படம் ஒன்றேகால் மணி நேரம்தான். கோபித்துக்கொண்டு போன அம்மாவை அழைத்து வர, குடிகார அப்பா பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்துக்கொண்டு போகிறார். திரும்பும்போது பஸ்ஸுக்கு வைத்திருந்த நோட்டைப் பையன் கிழித்துவிடுகிறான். பிறகு வெயிலில் நடை. அடுத்த சந்திப்பில் அவன் பேசியது எல்லாம் நடையைப் பற்றித்தான். அப்பா எவ்வளவு முன்னால், பையன் எவ்வளவு பின்னால், அந்தத் தூரம் எப்போது மாறுகிறது, பையன் வாயில் போட்ட கூழாங்கல் வீட்டுக்கு வந்த பிறகு எங்கே போகிறது. கடைசியில் பெண்கள் ஊற்றில் தண்ணீர் அள்ளும் இடத்தை ஏன் அவ்வளவு நேரம் காட்டுகிறார்கள் என்று அவன் கேட்டான். அதைப் பற்றி நாங்கள் ஆளுக்கொன்று சொல்லி, கடைசி பஸ்ஸைத் தவறவிடப் பார்த்தோம். ஊர்க்காரன் என்ற முறையில் அவன் சொன்ன ஒரு விஷயம் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த வெயிலில் எங்கே நிழல் கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியும். படத்தில் அந்த நிழல் எப்போது மறுக்கப்படுகிறது என்று பார்த்திருந்தான். இப்படித்தான் ஊர் பயன்பட வேண்டும்.

மற்றப் படங்களையும் உங்கள் பிரிவுக்கு ஏற்ற மாதிரிப் பாருங்கள். சுப்ரமணியபுரம் 2008-இல் வந்தது, ஆனால் கதை நடப்பது 1980-இல். தியேட்டரில் முரட்டுக்காளை ஓடுகிறது. கலை இயக்கத்தில் ஆர்வம் உள்ளவர்கள் சுவர், போஸ்டர், சட்டைக் காலர், சைக்கிள் என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு பார்க்கலாம். வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுச் சரிபார்க்கவும் முடியும். ஆடுகளம் படத்தொகுப்புக்குத் தேசிய விருது வாங்கிய படம். சேவல் சண்டைக் காட்சியை எடுத்து, எத்தனை தடவை வெட்டுகிறார்கள், எப்போது சேவலிலிருந்து மனிதர்களின் முகத்துக்குப் போகிறார்கள் என்று எண்ணுங்கள். மகேந்திரனின் உதிரிப்பூக்கள் 1979. கடைசியில் ஊரே சேர்ந்து ஒருவனை ஆற்றில் இறங்க வைக்கிறது. அதற்கு முன்னால் அவன்மேல் நமக்கு வெறுப்பு எந்தக் காட்சியில் தொடங்கியது என்று திரைக்கதைப் பிரிவுக்காரர்கள் தேடிப் பார்க்கலாம்.

6. பார்க்கும் முறை

ஒரு படத்தை மூன்று தடவை பார்க்கச் சொன்னால் மலைப்பாக இருக்கும். முழுப் படத்தை ஒரு தடவை, அப்புறம் ஒரே ஒரு காட்சியை மட்டும் இரண்டு தடவை: ஒருமுறை சத்தத்தை அணைத்துவிட்டு, ஒருமுறை திரையைக் கவிழ்த்து வைத்துச் சத்தத்தை மட்டும் கேட்டு. ஒலிப்பதிவுக்கு விண்ணப்பித்தவர்கள் இரண்டாவதைத் தினமும் செய்யுங்கள். நல்ல ஹெட்போன் இல்லாமலும் இதைச் செய்யலாம்.

பார்த்து முடித்ததும் ஒரு பக்கம் எழுதுங்கள். கதைச் சுருக்கம் இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது. மீதி முழுக்க நீங்கள் பார்த்தது, கேட்டது. கையால், தமிழில், ஒரு நோட்டில். எழுத்துத் தேர்வில் ஒரு படத்தை அலசச் சொல்லிக் கேட்டால் கை பழகியிருக்கும். புனே, கொல்கத்தாவுக்குப் போட்டவர்கள் இரண்டு பக்கத்தில் ஒரு பக்கத்தையாவது ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள். பெரிய வார்த்தைகள் வேண்டாம், சின்னச் சின்ன வாக்கியங்களே போதும்.

ஓடிடிக்கு ஆளுக்கொரு சந்தா கட்ட வேண்டாம். ஒரு மாதச் சந்தாவாகப் போட்டு, அந்த மாதத்தில் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுங்கள். தானாகப் பணம் எடுக்கும் வசதியை அணைத்துவிடுவது முக்கியம். அப்பாவின் கணக்கிலிருந்து மூன்றாவது மாதமும் பணம் போனால் அதற்கு அப்புறம் வீட்டில் சினிமா என்ற வார்த்தையே எடுக்க முடியாது. தியேட்டருக்கும் போங்கள். ஒரு படத்துக்கு ஜனம் எங்கே சிரிக்கிறது, எங்கே செல்போனை எடுக்கிறது என்பதைச் செல்போன் திரையில் பார்க்க முடியாது.

7. அழைப்பு வந்ததும்: பயணம்

அழைப்புக்கும் தேதிக்கும் நடுவில் அதிக நாள் கிடைக்காது. தேதி தெரிந்த அன்றைக்கே ரயில் டிக்கெட் போடுங்கள். காலை நேர்காணல் என்றால் முந்தின இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸ்தான் சரி. விடியற்காலையில் எழும்பூரில் இறங்கலாம். வைகை எக்ஸ்பிரஸ் காலையில் கிளம்பி மதியத்துக்கு மேல்தான் போய்ச் சேரும், அதை நம்பாதீர்கள். இடம் கிடைக்காவிட்டால் தட்கல், அதுவும் இல்லையென்றால் மாட்டுத்தாவணியிலிருந்து பஸ். ஆனால் பஸ் இப்போது கோயம்பேடு போவதில்லை, கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து தரமணிக்கு நகரப் பேருந்தில் காலை நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதைக் கணக்கில் சேர்த்துக் கிளம்புங்கள்.

எழும்பூரில் இறங்கியவர்கள் காத்திருப்பு அறையில் குளித்துத் துணி மாற்றிக்கொள்ளலாம். மின்சார ரயிலில் பூங்கா நிலையம், எதிரே பூங்கா நகர் நிலையத்தில் பறக்கும் ரயில், தரமணியில் இறங்க வேண்டும். லாட்ஜ் வேண்டாம், அன்று இரவே திரும்பிவிடலாம். அம்மாவோ அப்பாவோ கூட வந்தால் செலவு இரண்டு மடங்கு, ஆனால் சான்றிதழ் சரிபார்ப்பு அன்றே இருந்தால் பெற்றோர் கையெழுத்து தேவைப்படலாம். அழைப்புக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

புனேக்கு மதுரை வழியாகப் போகும் நாகர்கோவில் - மும்பை வண்டிகள் உண்டு, தினமும் கிடையாது. ஒரு நாளுக்கு மேல் பயணம். நேர்காணலுக்கு முன் ஒரு நாளாவது அங்கே இருக்கிற மாதிரித் திட்டமிடுங்கள். அப்படியே ரயிலில் இறங்கி உள்ளே போனால் பேச்சே வராது.

8. நேர்காணலில்

உங்கள் பட்டியலிலிருந்து ஒரு படத்தைச் சொன்னதும் அவர்கள் தோண்டுவார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள், அடுத்த கேள்விக்குப் போவார்கள். எழுதிய நோட்டையும், நீங்கள் எடுத்த புகைப்படங்களையும் கூடவே கொண்டுபோங்கள். கேட்டால் காட்டலாம், கேட்காவிட்டால் பையிலேயே இருக்கட்டும். தேர்வுக் குழுவில் இருப்பவரின் படத்தையே பிடித்த படமாகச் சொல்லும் புத்திசாலித்தனம் வேண்டாம். அதை அவர்கள் நிறையவே பார்த்திருப்பார்கள்.

9. பணமும் மாற்று இடமும்

காத்திருக்கும்போது இன்னொரு கல்லூரியில் சேர்வதா என்ற குழப்பம் எல்லாருக்கும் வரும். கலைக் கல்லூரிச் சேர்க்கை திரைப்படக் கல்லூரிக்காகக் காத்திருக்காது. மதுரையில் அமெரிக்கன் கல்லூரி போன்ற இடங்களில் விஸ்காம் இருக்கிறது. ஓர் இடம் பிடித்து வைப்பதில் தப்பில்லை. என் அபிப்பிராயத்தில் பிடித்து வைப்பதே நல்லது, பட்டம் இருந்தால் புனேயும் கொல்கத்தாவும் பிறகு திறந்திருக்கும். ஆனால் சேரும்போதே இரண்டு விஷயத்தைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: விலகினால் கட்டணத்தில் எவ்வளவு திரும்ப வரும், மாற்றுச் சான்றிதழை எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள். அசல் சான்றுகளைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், கையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி இருக்கிறது. பணிவாக அதைச் சொல்லிக் கேட்டால் தருவார்கள்.

தனியார் அகாடமிகளில் எந்தப் பல்கலைக்கழகத்தோடும் இணையாதவை உண்டு. அங்கே இந்த விதியெல்லாம் செல்லாது, வங்கிக் கடனும் சுலபமாகக் கிடைக்காது. "இன்றைக்கே முன்பணம் கட்டினால் தள்ளுபடி" என்று போனில் அவசரப்படுத்துகிற இடத்தில் கட்டாதீர்கள். போய்ப் பாருங்கள், படிக்கிற பிள்ளைகளிடம் கேமரா கையில் கிடைக்கிறதா என்று கேளுங்கள், அப்புறம் யோசிக்கலாம். அரசு நிறுவனத்தில் இடம் வாங்கித் தருகிறேன் என்று எவராவது வந்தால், அவர் எவ்வளவு பெரிய நடிகரோடு போட்டோ வைத்திருந்தாலும், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கல்விக் கடன் 4 லட்சம் வரை என்றால் வங்கி உங்கள் பங்குத் தொகை கேட்காது. சேர்க்கைக் கடிதம் வந்த பிறகுதான் கடன் நகரும், முதல் தவணைக் கட்டணத்துக்கோ சில நாள்தான் அவகாசம் இருக்கும். அந்தத் தொகையை மட்டும் கையிலோ சொந்தக்காரரிடமோ தயாராக வைத்துக்கொண்டு, மீதிக்குக் கடன் கேளுங்கள்.

10. பட்டியல் வரும் நாட்களில்

முதல் பட்டியலில் பெயர் இல்லையென்றால் காத்திருப்புப் பட்டியலைப் பாருங்கள். இடம் கிடைத்தும் சேராதவர்கள் எல்லா ஆண்டும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதிலாகக் கூப்பிடும்போது ஓரிரு நாளே கிடைக்கும். அசல் கோப்பை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். மின்னஞ்சலில் ஸ்பேம் பெட்டியைக் காலையும் மாலையும் திறந்து பாருங்கள். 044 என்று தொடங்கும் அழைப்பு வந்தால் கடன் அட்டைக்காரர்கள் என்று வெட்டிவிடாமல் எடுங்கள். விண்ணப்பத்தில் கொடுத்த எண் வீட்டில் வேறு யாருடையதாவது என்றால், அவர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.